கையுறை விடுபட்ட கடிதம்

கடுதாசி அண்ணனிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம், அழகாக எழுதுவது. குடி கிடையாது, புகை கிடையாது, அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பது கிடையாது. ஆனால் கையில் ஒரு வெள்ளைத்தாளும் மை நன்றாக இறங்கும் பேனாவும் கிடைத்துவிட்டால் மனிதருக்குத் தலைகால் புரியாது.

அவர் வேலை பார்த்தது ஒரு பெரிய சலவைக் கூடத்தில். மூன்று ஆஸ்பத்திரிகள், ஏழெட்டு விடுதிகள் ஆகியவற்றின் படுக்கை விரிப்பும் துண்டும் தலையணை உறையும் அங்கேதான் வெளுத்தன. அழுக்கு மூட்டைகள் பின்வாசல் வழியாக வந்து பிரிப்பு மேசையில் கொட்டப்படும். அங்கிருந்து துவைக்கும் எந்திரம், பிழியும் எந்திரம், கடைசியில் சூட்டு உருளை. ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்துச் சுருக்கமில்லாமல் உருளைக்குள் கொடுப்பது அண்ணனின் வேலை. இருபத்தாறு வருஷமாக ஒரே இடம். சூட்டில் விரல் ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. ஆனால் அந்த விரல்கள் பேனா பிடித்தால் எழுத்து முத்து முத்தாக விழும்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் என்ன தப்புச் செய்தாலும் மேற்பார்வையாளர் சொல்லும் தண்டனை ஒன்றுதான்: “ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்துட்டு வேலையைப் பாரு.” தாமதமாக வந்தால் கடிதம். துணி கருகினால் கடிதம். துவைப்புக்காரர் ஒருவர் தள்ளுவண்டியில் துண்டுக் குவியலுக்குள் தூங்கிப்போய், அவரையும் சேர்த்து எந்திரம் வரை தள்ளிக்கொண்டு போனபோதும் கடிதம்தான். சம்பளத்தில் கை வைக்கவில்லையே, ஒரு தாளோடு போயிற்றே என்று எல்லாருக்கும் நிம்மதி. கொடுத்த கடிதம் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. மேனேஜர் அறையில் ஒரு இரும்பு பீரோ இருந்தது, அதில் ஆளுக்கு ஒரு கோப்பு இருந்தது, ஒரு தாள்கூடத் தொலையாமல் எல்லாக் கடிதமும் வரிசையாக உட்கார்ந்திருந்தது. இது தெரிந்தவர் அந்தக் கூடத்தில் கிடையாது. தெரிந்திருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

எல்லாக் கடிதத்தையும் எழுதியவர் அண்ணன்தான். தேநீர் இடைவேளையில் மடிப்பு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதுவார். காசு வாங்க மாட்டார். எழுதி முடித்ததும் சத்தமாக வாசித்துக் காட்டுவார், சுற்றி நிற்கிறவர்கள் ரசிப்பார்கள், அதுதான் கூலி. அவருக்கென்று ஒரு சித்தாந்தம்கூட இருந்தது. “காரணம் எழுதக் கூடாது. காரணம் எழுதினா எதிர்த்துப் பேசற மாதிரி இருக்கும். மேல இருக்கிறவங்களுக்குப் பணிவுதான் பிடிக்கும். குனியறதுன்னா முழுசாக் குனியணும்” என்பார். கடைசியில் ஒரு வாக்கியம் வைத்திருந்தார்: ‘இனி ஒரு முறை இவ்வாறு நிகழ்ந்தால் நிர்வாகம் எடுக்கும் எந்த முடிவையும் மறுப்பின்றி ஏற்றுக்கொள்கிறேன்.’ அந்த வாக்கியத்தின் மேல் அவருக்குக் காதல். அது இல்லாமல் ஒரு கடிதத்தையும் முடிக்க மாட்டார்.

அறிவிப்புப் பலகையில் ஏதாவது ஒட்டினாலும் அண்ணன்தான் வாசிப்பார். நீளமாக இருந்தால் நடுவில் நாலைந்து வரியைத் தாண்டிவிடுவார். “அது சும்மா, தேவையில்லாதது” என்பார். எது தேவை, எது தேவையில்லை என்று தீர்மானிக்கும் உரிமையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார், மற்றவர்களும் விட்டுவிட்டார்கள்.

பிரிப்பு மேசையில் இருந்தவள் ஊசியக்கா. ஆஸ்பத்திரி விரிப்புகளுக்குள் ஊசியும் கத்திரியும் சுருண்டு கிடக்கும். துவைக்கும் எந்திரத்துக்குள் போகும் முன் அவற்றைக் கண்டுபிடிப்பது அவள் பொறுப்பு. மற்றவர் கண்ணில் படாதது அவள் விரலில் படும், அதனால் வந்த பட்டப்பெயர். ஒரு தடவை விரலில் பட்டது மட்டுமல்ல, விரலுக்குள்ளேயே ஏறிவிட்டது. யார் உடம்பில் குத்திய ஊசியோ தெரியாது. ஆறு மாதம் ரத்தப் பரிசோதனை, ஆறு மாதமும் வீட்டில் தட்டும் தம்ளரும் தனியாக வைத்துக்கொண்டாள். ஒன்றும் இல்லை என்று முடிவு வந்த அன்றுதான் தன் பெண்குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாளாம்.

அப்படிப்பட்டவளிடம் ஒரு நாள் காலை, சிவப்பு நாடா கட்டிய மூட்டை ஒன்று வந்தது. சிவப்பு நாடா என்றால் தொற்று நோயாளிகளின் பகுதியிலிருந்து வந்தது என்று அர்த்தம். கூடத்தில் கையுறை தீர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. “வந்துரும், வந்துரும்” என்று மேற்பார்வையாளர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஊசியக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். கத்தவில்லை, சண்டை போடவில்லை, தொடவில்லை, அவ்வளவுதான். வழக்கம்போல் உத்தரவு வந்தது: கடிதம் கொடு.

தேநீர் இடைவேளையில் அண்ணனிடம் வந்தாள்.

“அண்ணா, இதுல நான் தப்புப் பண்ணலையே. கையுறை இல்லாம எப்படிண்ணா தொடறது? எனக்கு வீட்டுல குழந்தை இருக்கு. அதை எழுதுங்க.”

“தங்கச்சி, அதை எழுதினா கதை வளரும். கையுறை ஏன் இல்லன்னு அவங்களைக் கேள்வி கேக்கற மாதிரி ஆயிடும். சும்மா ரெண்டு வரி குனிஞ்சு எழுதிட்டுப் போயிட்டே இருப்போம்.”

“இல்லண்ணா, ஒரு வார்த்தையாவது...”

“நான் இத்தனை வருஷமா எழுதறேன், எனக்குத் தெரியாதா?”

எழுதினார். ‘இன்று காலை மேற்பார்வையாளர் அளித்த பணியை, தகுந்த காரணம் ஏதுமின்றிச் செய்ய மறுத்த என் அறியாமையை எண்ணி நாணுகிறேன்’ என்று தொடங்கியது கடிதம். ‘தகுந்த காரணம் ஏதுமின்றி’ என்பதை வாக்கியத்தின் ஓசைக்காகத்தான் சேர்த்தார். வாசித்துக் காட்டினார். துவைப்புக்காரர் “பிரமாதம்” என்றார். ஊசியக்கா கீழே கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்.

பத்து நாள் கழித்து அவளுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. ஏற்கெனவே ஒரு தாமதத்துக்கு ஒரு கடிதம், கத்திரி ஒன்று தப்பி எந்திரத்துக்குள் போனதற்கு ஒரு கடிதம், இப்போது இது. மூன்று முறை குற்றத்தை ஒப்புக்கொண்டிருப்பதால் ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது, விசாரணைக்கு வரவும், விரும்பினால் உதவிக்கு ஒரு சக தொழிலாளியை அழைத்து வரலாம் என்று போட்டிருந்தது. இவ்வளவு நாள் கடிதம் வாங்கியது சும்மா இல்லை என்று அன்றுதான் கூடத்துக்கே உறைத்தது.

உதவிக்கு யாரை அழைத்தாள்? கடுதாசி அண்ணனைத்தான். “நீங்க நல்லாப் பேசுவீங்க அண்ணா” என்றாள்.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. வெளியிலிருந்து வந்த விசாரணை அதிகாரி ஒருவர், மேனேஜர், ஊசியக்கா, அவள் பக்கத்து நாற்காலியில் அண்ணன். சலவை செய்த சட்டை, சட்டைப் பையில் பேனா. அதிகாரி மூன்று கடிதங்களையும் மேசையில் பரப்பினார். மேலே முத்து முத்தான எழுத்து, அடியில் கோழி கிளறின கையெழுத்து. அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும்.

“இதெல்லாம் யாரும்மா எழுதினது?”

அண்ணனுக்கு வாய் வரை வந்தது. அதற்குள் மேனேஜர் குறுக்கிட்டார். எழுதியது யார் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அண்ணனை நேராகப் பார்த்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்: “வேலை இடத்துல அடுத்தவங்களுக்கு இப்படி எழுதிக் கொடுக்கறதும் ஒழுங்கு மீறல்தான் சார். யாராவது எழுதிக் கொடுத்திருந்தா, அவங்களையும் சேத்தே விசாரிச்சிடலாம்.”

அண்ணன் தரையைப் பார்த்தார். தரையில் ஒரு ஓடு உடைந்திருந்தது. அந்த உடைப்பின் வடிவம் இன்றைக்குக் கேட்டாலும் வரைந்து காட்டுவார்.

ஊசியக்கா அவர் பக்கம் ஒரு தடவை திரும்பினாள். பிறகு அதிகாரியிடம் சொன்னாள்: “நானேதான் எழுதினேன் சார்.”

கையுறை இல்லை என்று அன்று அவள் சொன்னாள். “அப்படின்னா கடிதத்துல ஏம்மா அதை எழுதல? காரணம் இல்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே” என்றார் அதிகாரி. பதில் தெரிந்தவர் பக்கத்தில் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். நாற்பது நிமிஷத்தில் விசாரணை முடிந்தது. உடனிருந்தவர் என்ற இடத்தில் அண்ணனைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டார். அதையும் அழகாகவே போட்டார், பாவி மனிதர்.

அடுத்த வாரம் அவளை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள்.

வீட்டில் அண்ணன் சொன்னது வேறு கதை. “நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன். அவங்க காதுல வாங்கவே இல்ல” என்றார். அவர் மனைவி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவர். “நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்” என்று சொல்லி ஒரு தம்ளர் தேநீர் கொடுத்தார். அந்தத் தேநீரை அவர் குடித்தார். பிற்பாடு யோசிக்கும்போதெல்லாம், வாயை மூடிக்கொண்டதைவிட அந்தத் தேநீரைக் குடித்ததுதான் அதிகமாகக் கூசியது.

கூடத்தில் யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கடிதம் எழுதச் சொல்லி யாரும் வரவில்லை, அவ்வளவுதான். தேநீர் இடைவேளையில் மடிப்பு மேசை ஓரம் காலியாகவே கிடந்தது. பிரிப்பு மேசையில் ஒரு புதுப் பெண் வெறுங்கையோடு நின்றாள். அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்க உருளையையே பார்த்துப் பழகிக்கொண்டார்.

ஊசியக்கா சும்மா இருக்கவில்லை. தொழிலாளர் சங்கத்து வக்கீலம்மா ஒருவரைப் பிடித்து, கெடு முடிவதற்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டாள். காரணமில்லாமல் நீக்கியது செல்லாது, அதே வேலை வேண்டும், இடையில் விட்டுப்போன மாதங்களையும் பணிக்காலமாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்பது வழக்கு. கம்பெனி ஒரு தொகையைக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று ஆள் அனுப்பியது. “துட்டு வாங்கிட்டா தப்புப் பண்ணினவன்னு ஆயிடும். எனக்கு என் மேசை வேணும்” என்று சொல்லிவிட்டாளாம். அதுவரை பக்கத்துக் கடைத்தெருவில் பாத்திரம் கழுவினாள்.

பத்து மாதம் கழித்து, ஒரு விடுமுறை நாள் காலை, அவள் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள், வரட்டும், நாலு வார்த்தை திட்டட்டும் என்றுகூட ஆசையாக இருந்தது. அவள் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு உள்ளே வந்து, பையிலிருந்து நாலு வெள்ளைத்தாளை எடுத்தாள்.

“அண்ணா, நடந்ததை நடந்தபடி எழுதிட்டு வான்னு வக்கீலம்மா சொல்றாங்க. எனக்குப் பேனா பிடிச்சாலே கை விறைச்சுப் போகுது. நீங்க எழுதித் தர்றீங்களா?”

இதைவிட அவள் அவரைச் செருப்பால் அடித்திருக்கலாம். இன்னமும் அவரிடம்தான் வந்திருக்கிறாள்!

எழுத உட்கார்ந்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். அதே அறையில் மனைவியின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊசி குத்தியது, ரத்தப் பரிசோதனை, தனித் தட்டு, கையுறை தீர்ந்த இரண்டு வாரம், சிவப்பு நாடா மூட்டை, எல்லாம் வந்தன. மூன்றாவது கடிதத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

“அந்தக் கடிதத்தை யார் எழுதினதுன்னு போடணுமா தங்கச்சி?”

“அதை விடுங்கண்ணா. நானே எழுதினேன்னே போடுங்க. உங்களை ஏன் இழுக்கணும்? நீங்களாவது வேலையில இருங்க.”

“அன்னைக்கு விசாரணையில நான் பக்கத்துல...”

“அதையும் விட்டுடுங்க.”

தையல் மெஷின் நின்றது. மனைவி திரும்பிப் பார்க்கவில்லை, துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் மெஷின் ஓடவில்லை. அண்ணன் எழுதினார்: ‘மேற்படி கடிதத்தை நானே எழுதினேன்.’ எழுத்து வழக்கம்போல் முத்து முத்தாக இருந்தது. அவள் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, “ரொம்ப நன்றிண்ணா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தலை தெருமுனையில் மறைந்த பிறகு மனைவி கேட்டார்: “அந்தக் கடுதாசி நீங்க எழுதினதா?”

“ஆமா.”

“கையுறையை எழுதாம விட்டது நீங்களா?”

“ஆமா.”

“விசாரணையில எவ்வளவோ பேசிப் பாத்தேன்னு சொன்னீங்களே, என்ன பேசினீங்க?”

அண்ணன் பேனாவின் மூடியைத் திருகி மூடினார். “ஒண்ணும் பேசல” என்றார்.

மனைவி கத்துவார் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை. “இப்பவும் அவதான் உங்களைக் காப்பாத்திட்டுப் போறா. வெக்கமா இல்ல உங்களுக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டு, தைத்துக்கொண்டிருந்த சட்டையின் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். எங்கோ கோணிவிட்டது போலும்.

வெட்கமாக இருந்தது. உடம்பெல்லாம் கூசியது. இருபத்தாறு வருஷம் எழுதிய கடிதங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. துண்டுக் குவியலில் தூங்கியவர் அதற்கு முன் இரவும் பகலுமாக இரண்டு ஷிப்டு தொடர்ந்து வேலை பார்த்தவர், அதை அண்ணன் எழுதவில்லை. விரிப்பைக் கருக்கியவனின் எந்திரத்தில் சூடு குறைக்கும் திருகு பழுதாகியிருந்தது, அதையும் எழுதவில்லை. எல்லாருடைய நியாயத்தையும் துடைத்து வழித்துவிட்டு, தன் கைவண்ணத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார். அதைத்தான் எல்லாரும் பிரமாதம் என்றார்கள்.

மறுநாள் வேலை முடிந்து நேராக வக்கீலம்மாவின் அலுவலகத்துக்குப் போனார். மாடிப்படியில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அவரை ரொம்ப வீரனாக்கிவிட வேண்டாம். மூன்றாம் தடவை உள்ளே போய், “அந்த மூணு கடுதாசியும் என் கை எழுத்து. நான் சாட்சி சொல்றேன்” என்றார்.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். “இதை ஏன் இத்தனை நாள் யாரும் என்கிட்ட சொல்லல? இந்த மூணு கடிதத்தைத் தாண்ட முடியாமத்தான் நான் முட்டிக்கிட்டு இருக்கேன்.”

“சொல்ல வேண்டியவன் நான்தாம்மா.”

“உங்க வேலைக்கு ஆபத்து வரலாம், தெரியும்ல? குறுக்கு விசாரணையில கிழிகிழின்னு கிழிப்பாங்க.”

“தெரியும்” என்றார். உண்மையில் தெரியாது.

நீதிமன்ற அறை அவர் நினைத்த மாதிரி பெரிதாக இல்லை. ஒரு பள்ளி வகுப்பறை அளவுதான். முதலில் ஊசியக்காவை விசாரித்தார்கள். வக்கீலம்மா அந்தத் தாளில் இருந்த பொய் வரியை அடித்துத் திருத்தி, முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தபடி, விசாரணை அறையில் தான் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, “அண்ணன் மாட்டிக்குவாருன்னு” என்றாள். பின்வரிசையில் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் கூண்டில் ஏறினார். நீதிபதி ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, கடிதத்தில் கடைசியாக எழுதும் வாக்கியத்தை எழுதச் சொன்னார். எழுத்து அங்கேயும் முத்து முத்தாகவே விழுந்தது. ‘எந்த முடிவையும் மறுப்பின்றி ஏற்றுக்கொள்கிறேன்.’ நீதிபதி அதையும் கோப்பில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

பிறகு கம்பெனி வக்கீல் எழுந்தார்.

“காரணம் ஏதுமின்றின்னு எழுதினது நீங்க?”

“ஆமாங்க.”

“அது பொய்யா?”

“பொய்ங்க.”

“விசாரணையில இந்த அம்மா பக்கத்துல உக்காந்திருந்தீங்க. தானே எழுதினதா அவங்க சொன்னாங்க. அதுவும் பொய். நீங்க மறுத்தீங்களா?”

“இல்லங்க.”

“கீழே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?”

“போட்டேங்க.”

“ரெண்டு தடவை பொய்க்குத் துணை போனவர் நீங்க. மூணாவது தடவை சொல்றதை நாங்க ஏன் நம்பணும்?”

நியாயமான கேள்வி. அண்ணன் அதற்கு ஒரு நல்ல வாக்கியம் தேடினார். ஆயுசில் முதல் தடவையாக ஒன்றும் கிடைக்கவில்லை.

“அந்த ரெண்டு தடவையும் எனக்கு லாபம் இருந்துச்சுங்க. முதல்ல பேரு கிடைச்சுது. அப்புறம் வேலை தப்பிச்சுது. இதுல எனக்கு ஒண்ணும் இல்லங்க. அசிங்கம்தான்.”

வக்கீல் உட்கார்ந்தார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “அன்னைக்கு அந்த அம்மா உங்ககிட்ட என்ன சொன்னாங்க? உங்க வார்த்தையில வேண்டாம். அவங்க சொன்னதைச் சொல்லுங்க.”

“கையுறை இல்லாம எப்படிண்ணா தொடறது, எனக்கு வீட்டுல குழந்தை இருக்கு, அதை எழுதுங்க, அப்படின்னாங்க.”

தட்டச்சுப் பெண் அதை அப்படியே அடித்தாள். அந்தக் கடிதத்துக்காக ஊசியக்கா சொன்னது ஒரு வருஷம் கழித்து அன்றுதான், சொன்னபடியே தாளில் ஏறியது.

அடுத்த வாரமே அண்ணனை உருளையிலிருந்து எடுத்துப் பின்வாசலில் அழுக்கு மூட்டை இறக்கப் போட்டார்கள். வழக்கு நடக்கும்போது வேலையை விட்டுத் தூக்க மேனேஜருக்குத் தைரியம் வரவில்லை. மூட்டைக்குப் பக்கத்தில் சுவரில் புதிதாக ஒரு பெட்டி தொங்கியது, பெட்டி நிறையக் கையுறை. நீதிமன்றத்தில் பேச்சு அடிபட்ட பிறகு வந்த பெட்டி. காலையில் ஒரு ஜோடி எடுத்து மாட்டும்போதெல்லாம் அண்ணனுக்கு முகம் சுண்டும்.

தீர்ப்பு வர இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று. அவளை நீக்கிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் தேநீர் இடைவேளையில் ஊசியக்கா வாசல் வழியாக நேராக உள்ளே வந்தாள். காவல்காரர் தடுக்கவில்லை. கையில் தைத்த தாள்கட்டு. பதினொரு பக்கம். எல்லாரும் சுற்றிக்கொண்டார்கள். “ஜெயிச்சாச்சா? என்ன போட்டிருக்கு?” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவள் யாருக்கும் பதில் சொல்லாமல், கையுறையைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நின்ற அண்ணனிடம் வந்தாள்.

“படிங்கண்ணா. ஒண்ணும் விடாமப் படிங்க.”

மடிப்பு மேசையின் ஓரத்தில், தன் பழைய இடத்தில், அண்ணன் உட்கார்ந்தார். படித்தார். ஊசி குத்தியது வந்தது, தனித் தட்டு வந்தது, கையுறை தீர்ந்தது வந்தது. துவைப்புக்காரர் ஒவ்வொன்றுக்கும் “ஆமா, ஆமா” என்றார். ஒன்பதாம் பக்கத்தின் நடுவில், பத்தி மாறும் இடத்தில் அவர் குரல் நின்றது. அவர் கண் பழைய பழக்கத்தில் முன்னால் ஓடிப் படித்துவிட்டது. அந்தப் பத்தி அவரைப் பற்றியது. அதற்கு அடுத்த பத்தி ‘ஆகவே’ என்று தொடங்கியது. எல்லாரும் காத்திருந்தது அந்த ‘ஆகவே’க்குத்தான். இதைத் தாண்டி அதைப் படித்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நாலு வரியைத் தாண்ட அவருக்கு ஒரு மூச்சு நேரம் போதும்.

நிமிர்ந்து பார்த்தார். ஊசியக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படித்தார்: “கடிதங்களை எழுதியவர் தொழிலாளி அல்ல, இந்தச் சாட்சியே. எழுதச் சொன்னதை விட்டு, சொல்லாததைச் சேர்த்தவர் இவர். விசாரணை அறையில் பக்கத்தில் அமர்ந்திருந்தும் உண்மையைச் சொல்லாத இவரது கோழைத்தனத்தால் ஒரு பெண் தன் வாழ்வின் பதினான்கு மாதங்களை இழந்திருக்கிறார். எனினும், தனக்கு இழிவு வரும் என்று அறிந்தே சொன்னதால், இவருடைய சாட்சியத்தை இந்த நீதிமன்றம் நம்புகிறது.”

‘கோழைத்தனத்தால்’ என்ற வார்த்தையைப் பாதி முழுங்கிவிட்டார். செருமிக்கொண்டு, அந்த வார்த்தையை மறுபடி ஒரு தடவை, முழுசாகப் படித்தார். யாரும் “ஆமா” போடவில்லை. துவைப்புக்காரர் தன் தேநீருக்குள் எதையோ தேடினார்.

“நேத்தே வக்கீலம்மா எல்லாம் படிச்சுக் காட்டிட்டாங்கண்ணா” என்றாள் ஊசியக்கா. “நீங்க படிச்சு ஒரு தடவை கேக்கணும்னு இருந்தேன்.” கோபமாகச் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் இருந்தது. அது அவருக்காக இல்லை, அந்தப் பதினான்கு மாதத்துக்காக என்று அவருக்குத் தெரிந்தது.

“மன்னிச்சிடு தங்கச்சி” என்றார். எத்தனை நூறு மன்னிப்பை எழுதியவர்! சொந்தமாகக் கேட்டது அன்றுதான், அதற்கு மூன்று வார்த்தைகூடத் தேறவில்லை.

அவள் தாளைத் தொட்டுக் காட்டினாள்.

“மேல படிங்கண்ணா. என் வேலை இன்னும் வரல.”

அண்ணன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆகவே” என்று ஆரம்பித்தார்.